பஸ்கா விருந்துக்கு ஷிரின் பொலோ: நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம்

இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிற நம்ம ஊர்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டம். டெல் அவிவ் பக்கத்தில் ஹோலோன் என்ற ஊரில், ஈரானின் இஸ்ஃபஹானில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்த ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார், ஆனால் நினைவு கூர்மை. நான் அவரைச் சவ்தா என்று கூப்பிடுவேன், ஹீப்ருவில் பாட்டி. அவர் என்னைப் பாரசீகத்தில் ஜூனம் என்பார். என் உயிரே என்று அர்த்தம். பஸ்கா என்பது யூதர்கள் எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடுகிற ஏழு நாள் பண்டிகை. 2022 பஸ்காவுக்கு அவர் வீட்டில் பதினாறு பேருக்கு நான் தனியாகச் சோறு ஆக்க வேண்டி வந்தது. அந்த மூன்று நாளில் எனக்குப் போன பணமும் தூக்கமும் கொஞ்சமில்லை. யாராவது ஒரு ஆள் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

வழக்கமாக விருந்துச் சமையல் சவ்தாவின் மூத்த மகள் பொறுப்பு. அந்த வருஷம் ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை, அவருக்குக் கொரோனா என்று முடிவு வந்துவிட்டது. விருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி. கோழியும் சூப்பும் மருமகள்கள் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். சோறு மட்டும் சவ்தா வீட்டிலேயே ஆகவேண்டும், ஏனென்றால் பஸ்காவுக்கென்றே வைத்திருக்கிற பெரிய பானை இங்கேதான் இருந்தது. மகள் போனில், "நீ சோறு வடிக்கிற ஊர்க்காரிதானே, ஷிரின் பொலோ மட்டும் பண்ணிடு" என்றார். ஷிரின் பொலோ என்றால் இனிப்புச் சோறு. ஆரஞ்சுத் தோல், கேரட், பாதாம், பிஸ்தா, குங்குமப்பூ எல்லாம் சேர்ந்த பாரசீக விசேஷச் சோறு. சரி என்று உடனே சொல்லிவிட்டேன். சோறு தானே என்று நினைத்தேன்.

முதல் தப்பு அரிசியிலேயே நடந்தது. டெல் அவிவ் மத்தியப் பேருந்து நிலையத்துப் பக்கம் நம்ம ஊர்ச் சாமான் கிடைக்கும் கடையில் ஐந்து கிலோ பாசுமதி மூட்டையை 70 ஷெகலுக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலிலேயே சவ்தாவின் மகன் நிறுத்திவிட்டார். பஸ்காவின் ஏழு நாளும் கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களில் புளித்ததோ புளிக்கக்கூடியதோ எதுவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அதை ஹமேத்ஸ் என்பார்கள். நம் வேதாகமத்தில் புளித்த மாவு என்று படித்திருக்கிறோமே, அதுதான். அரிசி ஹமேத்ஸ் இல்லை. ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களில் பெரும்பாலோர் பஸ்காவில் அரிசியே தொடமாட்டார்கள். ஈரான், ஈராக் பக்கம் இருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள். சாப்பிடுகிறவர்கள் வீட்டிலும் பையின் மேல் பஸ்காவுக்கு உகந்தது, அரிசி பருப்பு சாப்பிடுகிறவர்களுக்கானது என்று முத்திரை இருக்க வேண்டும். கடையில் கேட்க வேண்டிய வார்த்தை, கஷேர் லெபெசாஹ் லெஓஹ்லே கித்னியோத். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மூட்டையில் அந்த முத்திரை இல்லை. வாசற்படி தாண்டாமலே அது தோழிகள் தங்கும் அறைக்குப் போய்விட்டது.

அன்றே என் சொந்தச் சாமானையும் அலசினேன். இதை யாருமே சொல்லித் தருவதில்லை. என் அலமாரியில் இருந்த ஆட்டா, ரவை, சேமியா போகவேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. பெருங்காய டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்ததில், நாம் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது. கோதுமை! ரசத்துக்கு ஒரு சிட்டிகை என்று பஸ்காப் பாத்திரத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. மால்ட் சேர்ந்த பானப் பொடிகளும் அப்படித்தான், வாற்கோதுமைதான் மால்ட். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, ஏழு நாள் முடியட்டும் என்று தோழியிடம் கொடுத்தேன்.

புதன்கிழமை மகன் முத்திரை போட்ட நல்ல நீள அரிசி மூன்று கிலோ கொண்டுவந்தார். பஸ்காவுக்கு அரிசியை மூன்று தடவை பொறுக்க வேண்டும் என்று சவ்தா சொன்னார். ஒரு கோதுமை மணியோ வாற்கோதுமை மணியோ கலந்திருந்தால் எடுத்துவிட. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கைப்பிடி அரிசியை அந்த ஓரத்தில் கொட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொரு மணியாக இந்த ஓரத்துக்குத் தள்ளுவது. சவ்தாவின் விரல்கள் வாதத்தால் வளைந்தவை. ஆனாலும் அவர் தள்ளுகிற வேகம் எனக்கு வரவில்லை. எங்கள் ஆச்சி திண்ணையில் சுளகை மடியில் வைத்துக் கல் பொறுக்குகிற மாதிரியே இருந்தது. அதே மாதிரி முனகலாக ஒரு பாட்டும் இருந்தது, பாரசீகத்தில். இரண்டாவது சுற்றில் சவ்தா நிறுத்தினார். விரல் நுனியில் ஒரு மணி. அரிசியைவிடச் சற்றுக் குண்டு, நடுவில் ஒரு கோடு, பழுப்பு. வாற்கோதுமை. அதைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் அந்தக் கைப்பிடியை முதலிலிருந்து தள்ளச் சொன்னார். மூன்று கிலோவையும் மூன்று சுற்று முடிக்க எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. ஒரே நாளில் செய்யாதீர்கள், கழுத்து போய்விடும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் கோதுமை மணி தெரியவே தெரியாது.

வியாழக்கிழமை ஏப்ரல் 14. ஊரில் சித்திரை ஒன்று. நான் ஒரு கிலோ அரிசியை எடுத்து ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தேன். நினைப்பு நல்லதுதான். இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்தேன். அதில் பானை அடியில் வெண்ணெய் உருக்கி, தயிரில் குங்குமப்பூ கலந்து, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து பரப்பச் சொன்னார்கள். அப்போதுதான் அடியில் பொன்னிறமாக மொறுமொறு என்று பிடிக்குமாம். அதற்குத் தஹ்தீக் என்று பேர். பஸ்காப் பெட்டியிலிருந்து அந்தப் பெரிய பானையை எடுத்தேன், வெண்ணெய் போட்டேன், தயிர் ஊற்றினேன். சவ்தா மதியத் தூக்கத்தில் இருந்தார். எழுந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பானையையும் பக்கத்தில் இருந்த தயிர் டப்பாவையும் பார்த்தவர் ஒன்றுமே பேசவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அது இறைச்சிப் பானை. யூத வீட்டில் இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. பாத்திரம், கரண்டி, பாத்திரம் தேய்க்கிற பஞ்சு வரை தனித்தனி. இது எனக்குத் தெரியாததல்ல, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது. ஆனால் தினப்படிப் பாத்திரங்களில் எது எது என்று நிறத்தை வைத்துத் தெரியும். பஸ்காப் பாத்திரங்கள் வருஷத்தில் ஒரு வாரம்தான் வெளியே வரும், அவற்றில் அடையாளம் எதுவும் இல்லை. சோறு சைவம்தானே என்ற எண்ணத்தில் பானையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மகன் தங்கள் ரபிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, போன் போட்டார். ஒரு நாள் முழுக்கப் பானையைச் சும்மா வைத்து, அப்புறம் கொதிநீரில் முக்கியெடுத்தால் சரியாகும் என்றார் ரபி. ஒரு நாள் என்றால் வெள்ளி மாலை நாலு மணி. நேரம் இல்லை. அந்த ஒரு கிலோ அரிசியும் குப்பைக்குப் போனது. ஒவ்வொரு மணியாக மூன்று தடவை தள்ளின அரிசி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெட்கத்தில் நானே கடைக்கு ஓடி 310 ஷெகலுக்குப் புதுப் பானை வாங்கினேன். அதையும் உடனே அடுப்பில் ஏற்ற முடியாது. புதுப் பாத்திரத்தை அதற்கென்று உள்ள தொட்டியில் முழுக்க முக்கியெடுத்த பிறகே பயன்படுத்துவார்கள். மகன் ராத்திரியில் போய் முக்கியெடுத்துக்கொண்டு வந்தார். அன்று ராத்திரிதான் வீட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் ஹமேத்ஸ் தேடுகிற சடங்கு. பேரப்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மெழுகுவர்த்தி என் பக்கம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன்.

பணத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்கிறேன். பிறகு மகள் அந்தப் பானைக் காசைத் தர வந்தபோது நான் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். பானை அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது, வேலை அவர்கள் சொன்ன வேலை. நாம் வெட்கப்பட்டுச் சொந்தக் காசைப் போடுவது மரியாதை இல்லை, ஊரில் இருக்கிற பிள்ளைகளின் காசு அது. என்ன வாங்கினாலும் ரசீது வையுங்கள், முன்கூட்டியே காசு வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். எனக்கு அந்த வாரம் போனது முதல் அரிசி 70, பானை 310, ஒத்திகையில் வீணான பருப்பும் பழமும் 60, குங்குமப்பூ 55, ஆக 495 ஷெகல். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 12,000 ரூபாய்.

குங்குமப்பூ கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் ஒரு சிறு டப்பா 55 ஷெகலுக்கு வாங்கினேன். வெந்நீரில் போட்டவுடன் நீர் பளீரென்று சிவந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். சவ்தா முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். நல்ல குங்குமப்பூ குளிர்ந்த நீரில் மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிஷத்தில், பொன் மஞ்சளாக விடும். இழை சிவப்பாகவே நிற்கும். போலி உடனே சாயம் விட்டுவிட்டு இழை வெளுத்துப்போகும். சவ்தா தன் தகர டப்பாவிலிருந்து பத்திருபது இழை எடுத்து, ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு குட்டி உரலில் மாவாக இடிக்கச் சொன்னார். அதை ரெண்டு கரண்டி வெந்நீரில் கரைத்து மூடி வைத்தோம். வீடே மணத்தது.

வெள்ளிக்கிழமை ஏப்ரல் 15, எங்களுக்குப் பெரிய வெள்ளி. ஊரில் என்றால் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோயிலில் இருப்பேன், உபவாசம். அன்றும் உபவாசம்தான், ஆனால் அடுப்படியில். இரண்டு பேருடைய பண்டிகையும் ஒரே நாளில் வந்ததில் ராத்திரியிலிருந்தே மனசு கனத்துக்கிடந்தது. கோயிலுக்குப் போகவில்லையே என்ற குறை இன்றைக்கும் எனக்கு இருக்கிறது. லீவு கேட்கவேண்டிய நாள் இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே காலண்டரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். யூத மாதம் நிலவை வைத்து ஓடுவதால் நம் பண்டிகைகள் மேல் அவர்கள் பண்டிகை விழுவது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

இப்போது சமையல். காலையிலேயே ஆரஞ்சுத் தோலை எடுத்துக்கொண்டேன். உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியைக் கத்தியால் வழித்துவிட்டு, தீக்குச்சி மாதிரி நறுக்க வேண்டும். ஒத்திகையில் அப்படியே சர்க்கரைப்பாகில் போட்டுவிட்டேன், கசப்பு தாங்கவில்லை. தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டு, மூன்று தடவை இப்படிச் செய்த பிறகுதான் கசப்பு போகும். அப்புறம் சர்க்கரையும் கேரட் துருவலும் சேர்த்துப் பாகு வற்றும்வரை. பாதாமும் பிஸ்தாவும் நீளவாக்கில் சீவியது. ஸெரெஷ்க் என்று ஒரு சின்னச் சிவப்புப் பழம், காய்ந்தது, காய்ந்த களாக்காய் மாதிரி புளிப்பு. லெவின்ஸ்கி சந்தையில் பாரசீகச் சாமான் கடைகளில் கிடைக்கும். மண் இருக்கும், ஊறவைத்துக் கழுவுங்கள். எண்ணெயில் அரை நிமிஷம் புரட்டினால் போதும், ஒரு நிமிஷம் தாண்டினால் கரிந்து கசந்துவிடும்.

அரிசியைக் கழுவி உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். மதியம் மூன்று மணிக்கு, ஊரில் ஆராதனை முடிகிற அதே மணிக்கு, உலை கொதித்தது. நான் பானையை ஏற்றக் கை நீட்டினேன், சவ்தா "இரு, ஜூனம்" என்றார். இதுதான் எனக்குத் தெரியாமலே போயிருந்த பெரிய விஷயம். யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததை, பக்தியுள்ள வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சில வீடுகளில் வீட்டு யூதர் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். சவ்தா மாதிரிக் கிழக்கத்திய வீடுகளில் அது போதாது, பானையையே அவர்கள் கையால் ஏற்ற வேண்டும், அல்லது சமையலில் கை வைக்க வேண்டும். வெறுப்பினால் இல்லை, அவர்கள் சட்டம் அது. முதலில் எனக்கு வலித்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் நாற்காலியை அடுப்போடு ஒட்டி நிறுத்தி, நான் அவர் முழங்கையைத் தாங்க, அவர் நடுங்கும் கையால் முதல் கரண்டி அரிசியை உலையில் போட்டபோது, வருஷக்கணக்காகத் தன் வீட்டுச் சோற்றைத் தானே போட முடியாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தர் முகத்தைப் பார்த்தேன். வலி போய்விட்டது. வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள், அடுப்பை யார் பற்றவைக்க வேண்டும், பானையை யார் ஏற்ற வேண்டும் என்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் உபவாசம் என்பதால் கடித்துப் பார்க்கவில்லை, விரலில் நசுக்கிப் பார்த்தேன். வெளியே மெத்தென்று, நடுவில் ஊசி முனை அளவு கெட்டி இருக்கும்போது வடிக்க வேண்டும், ஆறேழு நிமிஷம்தான். கஞ்சி வடிக்கிற கை நமக்கு உண்டு, அதில் பயமில்லை. உப்பைச் சவ்தா பார்த்தார். அடியில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், எண்ணெய் இறைச்சியோடும் பாலோடும் சேரும், அப்படிப்பட்டதைப் பார்வே என்பார்கள். மேலே உருளைக்கிழங்கு வட்டங்கள் அரை விரல் கனத்தில். மற்ற நாளில் லவாஷ் ரொட்டியை அடியில் போடுவார்கள், பஸ்காவில் ரொட்டி ஆகாது. அதன் மேல் சோறும் பழமும் மாறி மாறிக் குவித்து, கரண்டிக் காம்பால் ஐந்தாறு குழி குத்தி, மூடியில் துணி சுற்றி மூடினேன். பத்து நிமிஷம் நல்ல தீ, ஆவி வந்ததும் சிறு தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

அன்று வெள்ளி ராத்திரி என்பதால் ஷப்பாத் என்கிற யூதர்களின் வார ஓய்வுநாளும் பஸ்காவும் சேர்ந்தே தொடங்கியது. சூரியன் ஏழு மணி சுமாருக்கு மறையும், அதற்கு முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுப்பு கிடையாது, பிளாட்டா என்கிற மின்சாரச் சூட்டுத் தட்டின் மேல் வைத்ததுதான். ஆனால் சாப்பாடு உடனே வராது. எகிப்திலிருந்து விடுதலையான கதையை முழுக்க வாசித்து முடித்துத் தட்டு வைக்க ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. மூன்று மணி நேரம் சோறு தட்டின் மேல் காயும். தண்ணீர் தெளிக்கவும் முடியாது. பானையைக் கனத்த துணியால் முழுக்கச் சுற்றிக் கட்டலாமா என்று கேட்டேன், அதுவும் கூடாதாம். எனவே கடைசியாக மூடுவதற்கு முன் குங்குமப்பூ நீரோடு அரை டம்ளர் வெந்நீரும் எண்ணெயும் ஓரமாக ஊற்றி, தட்டில் சூடு அதிகமில்லாத மூலையில் வைத்தோம். நம்மவர்கள் செய்கிற இன்னொரு தப்பு, நான்தான் யூதப் பெண் இல்லையே, நான் அடுப்பேற்றினால் என்ன என்று நினைப்பது. அவர்களுக்காக நாம் மூட்டிய தீயின் பலனை அவர்கள் அனுபவிக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் ஏற்றி மொத்தச் சாப்பாட்டையும் கெடுத்துவிடுவோம். ஒயின் பாட்டிலைத் திறப்பதோ ஊற்றுவதோகூட வேண்டாம், கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

வாசிப்பின் நடுவே எல்லோரும் வெங்காயத்தாளை எடுத்து ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள், பாரசீக யூதர் வழக்கம். எகிப்தில் அடிமையாக இருந்தபோது பட்ட சாட்டையடி நினைவுக்கு. சவ்தா என் தோளிலும் ஒன்று போட்டார். என் மனசெல்லாம் பிளாட்டாவின் மேல் இருந்த பானையில். ஒன்பதே முக்காலுக்கு, சாயங்காலமே பிடித்து வைத்திருந்த குளிர்ந்த நீரில் பானை அடியை ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, மகன் தாம்பாளத்தில் கவிழ்த்தார். ஒரு சத்தமும் இல்லை. பானையைத் தூக்கினார். உருளைக்கிழங்கு வட்டங்கள் சிவக்கச் சிவக்க, ஒன்றுகூட உடையாமல், மேலே வந்து உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் கொஞ்சம் சோறு காய்ந்துதான் இருந்தது. சவ்தா முதல் வட்டத்தைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். அன்றைய என் உபவாசத்தை அந்தக் காந்தலில்தான் முறித்தேன்.

ஏழு நாள் முடிந்து பாத்திரங்களைப் பெட்டியில் கட்டும்போது, குணமாகி வந்திருந்த மகள் ஒவ்வொன்றின் மேலும் தாள் ஒட்டி ஹீப்ருவில் எழுதினார். புதுப் பானையில் பசாரி, அதாவது இறைச்சிக்கு. பேனாவை வாங்கி அதற்குக் கீழே நான் தமிழில் எழுதினேன்: கறிப்பானை, தயிர் வெண்ணெய் ஆகாது.